பிஸ்கட் தகரம்

"தம்பி, அந்த மட்டையைக் கொஞ்சம் அமத்திப் பிடியுங்கோ."

யாழ்ப்பாணம், கொக்குவில் கராஜில் அப்பாவின் மொறிஸ் மைனர் கார். கறள் தின்ற மட்காட்டின் அடியை வெட்டியாயிற்று. மட்டையில் அளவெடுத்து, 20 கேஜ் தகட்டில் கீறி வெட்டி, மண் நிரப்பிய தோல்பையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டினார் கராஜ் அண்ணை. தட்டத் தட்டத் தகடு குழிந்து வளைந்தது.

நாலு தட்டுக்கு ஒருதரம் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினார்.

"கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும்."

வெட்டியெடுத்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பிஸ்கட் தகர ஒட்டு, எழுத்துக்கூட அழியவில்லை.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் போட்ட ஒட்டு. அப்போது பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய கார் இது. தகட்டுக்கு எங்கே போவது?

"இதை எறியட்டோ தம்பி?"

"வேண்டாம் அண்ணை."

பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.