சிப் முழங்கையில் இருந்தது: வெள்ளச்சியைப் பதிவு செய்த அனுபவம்

நேற்று மதியம் கூரியரில் எங்கள் நாய் வெள்ளச்சியின் பதிவுச் சான்றிதழ் வந்தது. பிரித்ததும் முதலில், அடையாளத்துக்காக நாயின் தோலுக்கடியில் ஊசியால் போடும் சிப்பின் 15 இலக்க எண்ணைத்தான் பார்த்தேன். டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டு முறை ஒத்துப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இந்த எண்ணுக்காக ஏழு மாதம் அலைந்திருக்கிறோம்.

வெள்ளச்சி ராஜபாளையம் இனம். என் சித்தப்பா வீட்டில் பிறந்தவள். வம்சாவளிக் காகிதம் எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட நாட்டு நாய்களைக் கண்காட்சியில் நடுவர் பார்த்து, இனத்துக்குரிய லட்சணம் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால், நாய்களைப் பதிவு செய்யும் தேசிய சங்கம் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும். படிவம், படம், கட்டணம் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது.

கண்காட்சி பெங்களூரு அரண்மனை மைதானத்தில். ஹொரமாவிலிருந்து இவ்வளவு உயரமான நாயை ஏற்ற மூன்று ஆட்டோக்காரர்கள் மறுத்தார்கள், நான்காமவர் இரண்டு மடங்கு கேட்டார். கொடுத்தோம். சிப் பார்க்கும் மேசையில் இருந்தவர் கழுத்துக்கு மேலே ஸ்கேனரை ஒரு தடவை வீசினார். சத்தம் வரவில்லை. "சிப் இல்லா மேடம்." மருத்துவ அட்டையை நீட்டினேன், பார்க்கவே இல்லை. இன்னொரு முறை மெதுவாகப் பாருங்கள் என்று கெஞ்சினேன். புது சிப் போட்டுக்கொண்டு அடுத்த கண்காட்சிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். சிப் இல்லாத நாயை நடுவர் பார்க்கமாட்டார், அந்த விதி சரிதான். ஒரு நிமிடம் தேடக்கூடவா நேரமில்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

சிப் போட்ட கிளினிக்கிலும் அதே கதை. கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, "விழுந்திருக்கும், வேற போட்டுடலாம்" என்றார்கள், அதற்கும் முழுக் கட்டணம். சம்மதிக்கவே இருந்தேன். நல்லவேளை, ஓசூரில் சிப்பிப்பாறை நாய்கள் வளர்க்கும் மாமாவுக்கு போன் போட்டேன்.

"அவசரப்பட்டு இன்னொண்ணு குத்திடாத பாப்பா. ரெண்டு சிப் இருந்தா எது உன் நாயோட நம்பர்னு நீயே நிரூபிக்கணும். அது அரிசி மாதிரி இருக்கும், தோலுக்கடியில நகரும். முழங்கை வரைக்கும் தேடச் சொல்லு."

ஹெப்பால் கால்நடைக் கல்லூரியில் டாக்டர் முதுகு, தோள், மார்பு, கால் என்று இரண்டு பக்கமும் நிதானமாக ஸ்கேனரைக் கொண்டுபோனார். இடது முழங்கைக்கு மேலே பீப் என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அவர் எண்ணை வாசிக்க வாசிக்க அடுத்த இடி. அட்டையில் 12-ஆவது இலக்கம் 3, சிப்பில் 8. கிளினிக்கில் சிப்போடு வந்த எண் ஸ்டிக்கரைத் தங்கள் பதிவேட்டில் ஒட்டிக்கொண்டு, எங்கள் அட்டையில் கையால் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தப்பு எண்ணைத்தான் நானும் படிவத்தில் நிரப்பியிருந்தேன்! அதைத் திருத்தவே மூன்று மாதம் போனது. சங்கத்துக்குப் போன் செய்தால் மெயில் அனுப்பு என்பார்கள், மெயில் அனுப்பினால் பதில் வராது. முதல் கடிதத்தில் டாக்டரின் முத்திரை இல்லை என்று திருப்பினார்கள், இரண்டாவதில் அவருடைய பதிவு எண் இல்லையாம். இரண்டையும் ஒரே தடவையில் சொல்லியிருக்கலாம்.

சிப் போடப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். ஊசி போடும் முன் சிப்பையும், போட்ட பின் நாயையும் உங்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பார்கோடு ஸ்டிக்கர் ஒன்றை உங்கள் அட்டையில் ஒட்டி வாங்குங்கள், கையால் எழுதியதை நம்பாதீர்கள். வருடாந்தரத் தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் ஒருமுறை பார்த்து, எங்கே இருக்கிறது என்று குறித்து வையுங்கள். வெளியூரிலிருந்து வாங்கிய நாய் என்றால் ஸ்கேனரையும் கவனியுங்கள். இப்போதைய சிப்கள் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும், பழைய சில சிப்கள் 125-இல். ஒன்றுக்கான கருவி மற்றதைப் படிக்காமல் போகலாம்.

அடுத்த கண்காட்சியில் மேசைக்குப் போனதுமே, "இடது முழங்கை சார்" என்றேன். முதல் வீச்சிலேயே பீப். நடுவர் பல், இளஞ்சிவப்பு மூக்கு, நடை எல்லாம் பார்த்து ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு காகிதத்துக்கு இவ்வளவு பாடா என்று வீட்டில் கேட்டார்கள். 2005-இல் அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. அவ்வளவு பெருமை உள்ள இனத்தில், முழு வெள்ளை நிறத்தோடு சேர்ந்து காது கேளாமையும் வருகிறது. வெள்ளச்சியோடு பிறந்த ஒரு கடுவன் குட்டிக்குக் காது கேட்காது. அதன் தாத்தா பாட்டி எந்த வீட்டு நாய்கள் என்று சித்தப்பாவுக்கே நினைவில்லை. யாரோடு யாரைச் சேர்த்தால் இந்தக் குறை வருகிறது என்று நாளைக்கு ஒருவர் தேட வேண்டுமானால், பதிவேடு இங்கிருந்தாவது தொடங்கியிருக்க வேண்டும். வெள்ளச்சியை இணை சேர்ப்பதற்கு முன் அவளுக்கும் முறையான செவித்திறன் சோதனை செய்யப்போகிறோம். ஒரு காது மட்டும் கேட்காத நாயைக் கை தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சான்றிதழைப் படமெடுத்து ஓசூர் மாமாவுக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் தன் நான்கு சிப்பிப்பாறைகளையும் ஹெப்பாலுக்குக் கூட்டி வருகிறாராம். முழங்கை வரைக்கும் பார்க்கணுமாம்.