தள்ளுனா சுத்துது!

சனிக்கிழமை சாயங்காலம். உளுந்து ஊறிவிட்டது, கிரைண்டரைப் போட்டால் 'உம்ம்' என்று முனகல் மட்டும்தான். அம்மா டிரம்மைக் கையால் ஒரு தள்ளு தள்ளியதும் ஒன்றும் நடக்காதது போலச் சுற்றியது.

பார்க்க வந்தவர், "காயில் போச்சு சார், இரண்டாயிரம் ஆகும்" என்றார். தள்ளினால் சுற்றுகிற மோட்டாருக்குக் காயில் எப்படிப் போகும்? மோட்டாருக்கு முதல் தள்ளு கொடுக்கிற கெப்பாசிட்டர்தான் போயிருக்கும் என்று பட்டது.

அப்புறம் நான்கு நாள் ஓட்டல் டிபன். இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்த அம்மா, "இது உளுந்தா, சோடாவா?" என்று சர்வர் காதில் விழும்படியே கேட்டார். நான் சட்னியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

தெரு எலக்ட்ரீஷியன் தம்பி பழைய கெப்பாசிட்டரைக் கழற்றிக் கொடுத்தார். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், நீங்களே கைவைக்காதீர்கள்.) சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடை. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் சாய்த்து, பாதி அழிந்த '10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட்' எழுத்தைப் படித்து, அதே அளவில் ஒன்றை எடுத்துப் போட்டார். 90 ரூபாய்.

நேற்று ராத்திரி அரைத்த மாவு காலையில் தூக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்திருக்கிறது. துடைக்கச் சொல்லி உத்தரவு வந்தாயிற்று.