போஸ்டரில் எந்த போட்டோ

செத்துவிடலாம் என்று தோன்றுவதைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 19 வயது. தண்டையார்பேட்டையில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா விடியற்காலை 3 மணிக்கே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்து உட்காரும். ஆறு மாதம் மறைத்துவிட்டு ஒருநாள் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "வெளிய சொன்னா போலீஸ் கேஸ் ஆகிடுமா?"

அரசு மருத்துவமனை டாக்டர் பொறுமையாக விளக்கினார். நினைப்பதற்கெல்லாம் கேஸ் கிடையாது. முயற்சி செய்தவரைக்கூட கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் 2017 மனநலச் சட்டம் பார்க்கச் சொல்கிறது. மாத்திரை எழுதினார். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ இரண்டு போனிலும் போட வைத்தார். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். அப்புறம் உளப்பகுப்பாய்வு முறையில், அதாவது மனதின் அடியில் கிடப்பதைப் பேசிப் பேசிப் புரிந்துகொள்ளும் முறையில், பேசும் ஒரு தெரபிஸ்ட்டிடம் அனுப்பினார்.

வாரம் இரண்டு நாள், 50 நிமிடம். அறிவுரையே கிடையாது. முதல் நாளே நேராகக் கேட்டார்: "சாகணும்னு தோணுதா? எப்பல்லாம் தோணுது?" பயம் கூடவில்லை, மூச்சு விட முடிந்தது. அதுவரை எல்லோரும் அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றித்தான் போனார்கள்.

நான்காவது மாதம் இருக்கும். செத்த பிறகு என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்றார். தயங்காமல் சொன்னேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதில் பிளஸ் டூ ஹால் டிக்கெட் போட்டோ. வாசலில் சாமியானா. எண்ணூரில் வேறு குடும்பத்தோடு இருக்கும் அப்பா ஆட்டோவில் வந்து இறங்குகிறார். நீலக் கட்டம் போட்ட சட்டை. உள்ளே வரத் தைரியம் இல்லாமல் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இதையெல்லாம் நீங்க எங்க நின்னு பார்க்கறீங்க?" என்றார்.

வாயடைத்துப் போனேன். அந்தக் காட்சியில் நான் சாகவே இல்லை. எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு போனாலும் பார்க்கிற நான் மிச்சம் இருப்பேன் என்று உள்ளுக்குள் நம்பியிருக்கிறேன். அப்படி ஒரு படி எங்கும் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அப்பா வந்து நிற்பதுதான். விட்டுப் போனவர் மேல் உள்ள கோபம் நம் மேலேயே திரும்பும் என்று, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த பிராய்ட் 1917-லேயே எழுதியிருப்பதை அப்புறம்தான் படித்தேன்.

புரிந்ததும் சரியாகிவிடவில்லை. மே மாதம் தெரபிஸ்ட் இரண்டு வாரம் லீவு. மூன்றாம் நாளே பழைய நினைப்பு. அம்மாவை எழுப்பினேன், 14416-க்குப் பேசினோம், அன்று அம்மா மீன் எடுக்கப் போகவில்லை.

தெரபிஸ்ட் திரும்பி வந்ததும் கத்தினேன்: "நீங்களும் போயிட்டீங்க இல்ல?" அப்பாவிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி. தெரபிஸ்ட் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "ஆமா, போனேன். எப்படி இருந்துச்சு, சொல்லுங்க" என்றார். மீதி நேரம் முழுக்கத் திட்டித் தீர்த்தேன்.

வியாழக்கிழமை போனபோது அதே நாற்காலியில் இருந்தார்.