145 டிகிரியில் 40 கிலோ

பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் வழக்கமாகச் செய்வது பேக்கிங் மெஷினுக்கான ஹீட்டர் பார்தான். பிளாஸ்டிக் கவரைச் சுட்டு ஒட்டுகிற பட்டை. அதில் ஐந்து டிகிரி முன்னே பின்னே போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். போன வருஷம் அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஆய்வு மாணவி பட்டறைக்கு வந்தார். "ரெண்டு தட்டு வேணும் ஸார். 145 டிகிரிக்குச் சூடாகணும், 40 கிலோ அழுத்தணும், அழுத்தம் குறையாமலே ஆறணும்" என்றார். ஒரு மாசத்தில் தந்துவிடலாம் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். எட்டு மாசம் ஆனது. இதே மாதிரி மெஷின் செய்யப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அவர் செய்ய நினைத்தது நானோ இம்பிரின்ட். சிப் செய்யப் பயன்படும் மெல்லிய சிலிக்கான் தகடான வேஃபரின் துண்டு ஒன்றின் மேல் அக்ரிலிக் வகையைச் சேர்ந்த பி.எம்.எம்.ஏ. பூச்சு மெல்லிசாக இருக்கும். 105 டிகிரியைத் தாண்டினால் அது இளகத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் சூடாக்கி, மேலே அச்சை வைத்து அழுத்தி, ஆறவிட்டு, அச்சைப் பிரித்தால் அச்சிலிருக்கும் கோடுகள் பூச்சில் பதிந்திருக்கும். சிப்பில் கோடு போட ஒளியை மட்டும் நம்ப வேண்டியதில்லை, இப்படி அழுத்தியும் போடலாம் என்று 1995-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சௌ குழுவினர் காட்டினார்கள். 25 நானோமீட்டர் அளவுக்கே பதித்தார்கள். நம் மாணவியின் அச்சு அதைவிட எளிமையானது. ஒரு எழுதும் டி.வி.டி.யை இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் சாயத்தைக் கழுவி, அதன் மேல் சிலிக்கோன் ரப்பர் ஊற்றி எடுத்த நகல். டி.வி.டி.யின் வரிகளுக்கு நடுவே 740 நானோமீட்டர் இடைவெளி உண்டு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு.

சூட்டில் இருந்து ஆரம்பித்தேன், அது எனக்குத் தெரிந்த வேலை. தட்டுகளாக 25 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு அலுமினியக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு கார்ட்ரிட்ஜ் ஹீட்டர், சூட்டை அளக்க ஒரு பி.டி.100 சென்சார், அதைப் பார்த்து ஹீட்டருக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பி.ஐ.டி. கன்ட்ரோலர். முதல் நாளே 145 கேட்டால் 158-க்குப் போய்த் திரும்பியது. ஹீட்டரின் சூடு சென்சாருக்கு வந்து சேர நேரம் பிடிக்கிறது. அதற்குள் கன்ட்ரோலர் 'இன்னும் வரவில்லை' என்று கணக்கைச் சேர்த்துக்கொண்டே போகிறது. சென்சாரை ஹீட்டர் பக்கத்திலிருந்து எடுத்து, தட்டின் முகத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே துளை போட்டு, வெப்பப் பசை வைத்துச் செருகினேன். நேராக 145 என்று கொடுக்காமல் படிப்படியாக ஏற்றினேன். அப்படியும் சரியாகவில்லை. யோசித்தபோதுதான் தெரிந்தது, கன்ட்ரோலர் தன்னைத்தானே பழக்கிக்கொள்ளும் ஆட்டோ டியூனை ஓட்டியபோது தட்டுகள் திறந்திருந்தன. மூடிய தட்டும் திறந்த தட்டும் சூட்டை இழக்கிற விதமே வேறு. மூடி வைத்து மறுபடி டியூன் செய்ததும் ஒரு டிகிரிக்குள் நின்றது. எட்டு மாசத்தில் சூடு எடுத்துக்கொண்டது மூன்றே வாரம்.

மீதி எல்லாம் நகர்வு. ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார், பத்துக்கு ஒன்று கியர், ஐந்து மில்லிமீட்டர் பிட்ச் திருகு. ஒரு ஸ்டெப்புக்கு 2.5 மைக்ரான் இறங்கும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அழுத்தத்தை அளக்கும் லோட் செல்லில் 40 கிலோ வந்ததும் மோட்டாரை நிறுத்தி அப்படியே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அப்புறம் ஹீட்டரை ஆன் செய்தோம். சூடு ஏற ஏற லோட் செல் 60, 90, 130 என்று போனது. மோட்டார் அசையவே இல்லை. 190-ஐத் தாண்டியபோது தட்டுக்குள்ளிருந்து 'சடக்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் வேஃபர் நான்கு துண்டாகக் கிடந்தது. மாணவி ஒன்றும் சொல்லாமல் துண்டுகளை ஒரு டப்பியில் போட்டுக்கொண்டார். பூச்சு போட்டுத் தயார் செய்ய அவருக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். இரண்டு கட்டையும் சேர்த்து 50 மில்லிமீட்டர், சூடு 30-இலிருந்து 145. அதாவது 132 மைக்ரான். ரப்பர் அச்சு விரிவது தனி. மோட்டார் அசையாவிட்டாலும் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. ஹீட்டரும் ஒரு மோட்டார்தான் என்பது அந்தப் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த தடவை சூடு ஏறும்போது நானே கையால் தளர்த்தித் தளர்த்தி, 145-இல் சரியாக 40 கிலோவில் நிறுத்தினேன். ஆறத் தொடங்கியதும் தட்டுகள் சுருங்கின. 115 டிகிரியிலேயே லோட் செல் பூஜ்யம் காட்டியது. பூச்சு அப்போதும் இளகித்தான் இருந்தது. பதிந்த கோடுகளெல்லாம் வழிந்து மழுங்கிவிட்டன.

இடத்தைப் பிடிக்காமல் எடையைப் பிடிக்கச் சொல்லி புரோகிராமை மாற்றினேன். அதிலும் சிக்கல். கட்டைகள் விறைப்பாக இருப்பதால் ஒரு ஸ்டெப்புக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ மாறியது. மோட்டார் 41-க்கும் 39-க்கும் நடுவே ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த அதிர்வில் ரப்பர் அச்சு பக்கவாட்டில் நகர, வரிகள் இரட்டையாகப் பதிந்தன. நல்ல மோட்டார் வாங்கலாமா என்று விலை விசாரிக்கத் தொடங்கினேன்.

பட்டறையில் லேத் ஓட்டும் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மோட்டார் எதுக்குத் தம்பி? நடுவுல ஸ்பிரிங் போடு. டை செட்ல போடுவோம்ல, கிண்ணம் மாதிரி வாஷர். இரும்பும் இரும்பும் மோதினா எவன் நிறுத்துவான்?" என்றார். அவரே டிஸ்க் ஸ்பிரிங்குகளை அடுக்கி, நடுவே செல்ல ஒரு தண்டும் கடைந்து கொடுத்தார். நூறு கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர் அமுங்குகிற அடுக்கு. அதற்குப் பிறகு ஒரு ஸ்டெப் நகர்ந்தால் கால் கிலோதான் மாறியது. ஒரு கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் சும்மா இருக்கட்டும் என்று வைத்தேன். தட்டல் நின்றது. நானாக யோசித்திருந்தால் இந்த வழி எனக்குத் தோன்றியிருக்காது. அவருக்கு என் நன்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, தட்டுகள் தொடாமலே லோட் செல் ஆறு கிலோ காட்டியது. சூடு மெல்ல ஏறி லோட் செல்லைத் தொட்டிருந்தது. நடுவே கண்ணாடி இழைப் பலகையும், தண்ணீர் ஓடும் தட்டும் வைத்த பிறகுதான் அதன் பேச்சை நம்ப முடிந்தது. இதை முதலிலேயே செய்யுங்கள். பொய் சொல்லும் லோட் செல்லை வைத்துக்கொண்டு டியூன் செய்த நாட்களெல்லாம் எனக்கு வீண்.

சிப் செய்கிற பெரிய இம்பிரின்ட் மெஷின்களில் அச்சைச் சூடாக்கி அழுத்துவதில்லை. திரவப் பூச்சில் அச்சை வைத்து, புற ஊதா ஒளியால் இறுக வைக்கிறார்கள். 2023-இல் கேனான் விற்பனைக்குக் கொண்டுவந்த மெஷின் அந்த வகை. அங்கேயும் சூடு விடாது. சிலிக்கான் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 2.6 மைக்ரான் விரியும். ஒரு தடவை பதிக்கும் பரப்பின் 33 மில்லிமீட்டர் நீளத்துக்கு அது 86 நானோமீட்டர். ஒன்றின் மேல் ஒன்றாகச் சில நானோமீட்டருக்குள் பதிக்க வேண்டிய இடத்தில் அது மலை. ஆனால் கேனான்காரர்கள் சூட்டைத் தடுப்பதோடு நிற்கவில்லை. நுண்ணிய கண்ணாடிகளால் ஒளியைத் திருப்பி வேஃபரில் வேண்டிய இடத்தை மட்டும் இளஞ்சூடாக்கி, அந்த விரிவை வைத்தே வடிவத்தைச் சரிசெய்கிறார்கள். என் வேஃபரை உடைத்த அதே விரிவு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்கழியில் ஒரு நாள் 145-இல் ஐந்து நிமிஷம் வைத்து, 40 கிலோ குறையாமல் 70 வரை ஆறவிட்டுத் திறந்தோம். மாணவி ரப்பர் அச்சின் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தார். விளக்கடியில் சாய்த்தபோது துண்டு முழுக்க வானவில் ஓடியது. 740 நானோமீட்டர் வரிகளில் 532 நானோமீட்டர் பச்சை லேசர் நேராக விழுந்தால் 46 டிகிரி கோணத்தில் ஒரு புள்ளி திரும்ப வேண்டும். அந்த இடத்தைப் பட்டறைச் சுவரில் முந்தைய நாளே அளந்து பென்சிலால் குறித்து வைத்திருந்தார். விளக்கை அணைத்தோம். பச்சைப் புள்ளி அந்தக் குறி மேலேயே விழுந்தது. லேத் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் லேசருக்கும் சுவருக்கும் நடுவே கையை வைத்து வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.