நடந்துக்கிட்டே கணக்கு போடச் சொன்னா தெரியுது

கூகுள் ஆரம்பிச்ச செர்கே பிரின் 2008லயே வெளிப்படையா எழுதிட்டாரு, அம்மாவுக்கு பார்க்கின்சன் (கை நடுங்கி, அசைவு மந்தமாகுற மூளை நோய்), எல்ஆர்ஆர்கே2 மரபணுவுல அவங்களுக்கு இருக்கிற அதே ஜி2019எஸ் மாற்றம் தனக்கும் இருக்கு, நோய் வர வாய்ப்பு ஆய்வுக்கு ஆய்வு மாறி 20ல இருந்து 80 சதவீதம் வரைக்கும் சொல்றாங்கன்னு. இத வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் என்னதான் பண்றது? மாற்றம் இருக்கிற எல்லாருக்கும் நோய் வர்றதில்ல, அதான் சிக்கல், யாருக்கு வருது எப்போ ஆரம்பிக்குதுன்னு ரத்தம் சொல்லாது, ஆனா நடை கொஞ்சம் சொல்லுதுங்கிறாங்க.

இந்த மாற்றம் ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள்கிட்டயும் வட ஆப்பிரிக்க பெர்பர் மக்கள்கிட்டயும் தான் அதிகம், அதனால இஸ்ரேல்ல, டெல் அவிவ்ல, ஆய்வாளர் அனாத் மிரெல்மனோட குழு இந்த மாற்றம் இருக்கிற நோயாளிகளோட நெருங்கின ரத்த சொந்தக்காரங்க 52 பேர நடக்க விட்டுப் பாத்தாங்க, 2011ல வந்த ஆய்வு. யாருக்கும் நோய் இல்ல, சாதாரணமா நடக்கறப்போ மாற்றம் இருக்கிறவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் வித்தியாசமே தெரியல, வேகம்கூட ஒண்ணுதான். ஆனா வேகமா நடங்கன்னு சொன்னப்பவும், நடந்துக்கிட்டே மனசுக்குள்ள கழித்தல் கணக்கு போடச் சொன்னப்பவும், மாற்றம் இருக்கிறவங்களோட அடி சீரா விழல, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் ஆகுற நேரம் கூடக்குறைய ஆகுது. நம்ம கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தான் தெரியும்.

எனக்கு இதுல புடிச்சது காரணம் தான். நடக்கிறது நம்ம யோசிச்சு செய்ற வேலை இல்ல, மூளையோட அடியில இருக்கிற பகுதி, டோபமைன்ங்கிற மூளை ரசாயனம் இருக்கிற வரைக்கும் தானா ஓட்டிக்கிட்டு இருக்கும், அது குறைய ஆரம்பிச்சதும் மூளையோட மேல் பகுதி கவனத்தக் கொடுத்து சமாளிக்குது. கார் ஓட்டி பழகினவன் ஊர்க்கதை பேசிக்கிட்டே ஓட்டுவான், புதுசா கத்துக்கிறவன் வாயத் திறந்தா வண்டி அலையும்ல, அது மாதிரி. கணக்கு போடச் சொல்றது அந்த கவனத்த புடுங்கிடுது, சமாளிப்பு வெளிய வந்துடுது. கை நடுக்கம்னு நோய் வெளிப்படையா தெரியறப்போ டோபமைன் செய்ற செல்லுல பாதிக்கு மேல போயிருக்கும்ங்கிறாங்க, அதனால தான் அதுக்கு முன்னாடி புடிக்க இவ்ளோ மெனக்கெடல்.

கை வீச்சும் அப்படித்தான். 2016ல அதே குழு காட்டினது, மாற்றம் இருக்கிறவங்க கணக்கு போட்டுக்கிட்டே நடக்கறப்போ ஒரு கை இன்னொரு கைய விட கம்மியா வீசுது. இத படிச்சதும் பார்க்கின்சன் வந்த எங்க பெரியப்பா ஞாபகம் தான், டாக்டர்கிட்ட போறதுக்கு ரொம்ப முன்னாடி எடுத்த ஒரு கல்யாண வீடியோவுல அவர் பந்திக்கு நடந்து போறாரு, இடது கை அசையவே இல்ல, அப்போ அத யார் பாத்தா, எல்லாரும் ஜரிகை பாத்துக்கிட்டு இருந்தோம்.

பிரிட்டன்ல ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்க கையில அசைவு அளக்கிற பட்டைய ஒரு வாரம் கட்டியிருந்தாங்க, பின்னாடி யாருக்கு பார்க்கின்சன் வந்துச்சுன்னு பாத்து அந்த தகவல தோண்டினப்போ, கண்டுபிடிக்கிறதுக்கு 7 வருஷம் வரைக்கும் முன்னாடியே அசைவு குறைஞ்சது தெரிஞ்சுது. மரபணு, ரத்த டெஸ்ட் எல்லாத்தையும் விட இது நல்லா கணிச்சுதாம். 2023ல வந்துச்சு. உடனே ஸ்மார்ட் வாட்ச் வாங்க ஓடாதீங்க, மூட்டு வலிக்கும் அசைவு குறையும், மனசு சரியில்லன்னாலும் குறையும். எனக்கென்னவோ இப்போதைக்கு இதோட உண்மையான பயன் மருந்து சோதனைல தான்னு தோணுது, ஜி2019எஸ் மாற்றம் எல்ஆர்ஆர்கே2 மரபணுவால உருவாகுற என்சைம அதிகமா வேலை செய்ய வைக்குது, அத அடக்குற மருந்துங்கள சோதிச்சுக்கிட்டு இருக்காங்க, மருந்து கேக்குதான்னு பாக்க நடுக்கம் வர்ற வரைக்கும் வருஷக்கணக்கா காத்திருக்க முடியுமா, அளக்க ஏதாவது வேணும்ல.

பெரியப்பா பையன், எங்க அண்ணன், அந்த மரபணு டெஸ்ட எடுக்கலாமான்னு கேட்டான். இந்தியாவுல ஜி2019எஸ் ரொம்ப அபூர்வம்ணே, இல்லன்னு வந்தா அந்த ஒரு காரணம் இல்லன்னு மட்டும் தான் அர்த்தம், பெரியப்பாவுக்கு ஏன் வந்துச்சுன்னு அது சொல்லாது, எதுக்கும் அவர பாக்குற நரம்பு டாக்டர்கிட்டயே கேளுன்னேன்.