ஃப்ரீபிஎஸ்டியில் மவுஸ் அசைய மறுத்தபோது

ஃப்ரீபிஎஸ்டி 14 என்ற இயங்குதளத்தை நிறுவி, திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வரையும், அந்தச் சாளரங்களை அடுக்கிவைக்க சின்னதாக ஒரு விண்டோ மேனேஜரையும் போட்டுவிட்டு, எக்ஸைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். திரை வந்தது, நடுவில் அம்புக்குறியும் வந்தது. ஆனால் மவுஸை எப்படி இழுத்தாலும் அது அசையவில்லை. கீபோர்டும் வேலை செய்யவில்லை. வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியாக உள்ளே போய்த்தான் எக்ஸை நிறுத்த முடிந்தது.

இரண்டும் சேர்ந்தே செத்துக் கிடந்ததால் மவுஸ்மீது எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் கீழிருந்தே பார்த்துவிடலாம் என்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் செய்திகளைத் திறந்தேன். யுஎஸ்பி மவுஸ் யுஎம்எஸ்0 என்ற பெயரில், பொத்தான்களின் எண்ணிக்கையோடு பதிவாகியிருந்தது. (பழைய பிஎஸ்/2 மவுஸ் என்றால் பிஎஸ்எம்0 என்று வரும்.) அப்புறம் பின்னணியில் ஓடும் மவுஸ்டி என்ற நிரலை (டீமன்) நிறுத்தினேன், அது ஓடும்வரை மவுஸைத் தன் பிடியிலேயே வைத்திருக்கும். கருவிகளுக்கான கோப்புகள் இருக்கும் டெவ் அடைவில் உள்ள யுஎம்எஸ்0 கோப்பை, வரும் தரவை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்பில் திறந்துவிட்டு மவுஸை லேசாக நகர்த்தினேன். எண்கள் வரிவரியாகக் கொட்டின, கையை எடுத்ததும் நின்றன. கெர்னல்வரை எல்லாம் சரி என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. மவுஸ்டியை மறுபடி ஓடவிட்டதும் எக்ஸ் இல்லாத எழுத்துத் திரையான கன்சோலிலும் அம்புக்குறி ஒழுங்காக நகர்ந்தது.

மிச்சம் இருந்தது எக்ஸ் மட்டும்தான். வார் என்ற அடைவுக்குள் இருக்கும் எக்ஸார்க் (எக்ஸ் சர்வர்) பதிவுக் கோப்பைப் படித்தால், மவுஸ், கீபோர்டு இரண்டையும் அது கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றின் கீழும், டிரைவர் எதுவும் குறிப்பிடப்படாததால் இந்தக் கருவியை விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தது. எக்ஸ் சர்வர் பொதியை மட்டும் நிறுவினால், மவுஸையும் கீபோர்டையும் கையாளும் லிப்இன்புட் டிரைவர் கூடவே வராது. அது தனிப் பொதி. எந்தக் கருவிக்கு எந்த டிரைவர் என்று எக்ஸுக்குச் சொல்லும் கோப்பும் அதற்குள்தான் இருக்கிறது. பொதியை நிறுவி மறுபடி ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தேன். மவுஸ், அதன் உருளை, கீபோர்டு எல்லாமே உயிர்பெற்றன. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பார்த்து எக்ஸார்க் கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பைக் கையால் எழுதவோ, உருளைக்கு 4, 5 என்று பொத்தான் எண் கொடுக்கவோ இப்போது தேவையே இல்லை.

அம்புக்குறி மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பாய்ந்தது. லிப்இன்புட்டில் வேகத்தை -1 முதல் 1 வரை வைக்கலாம். எக்ஸ்இன்புட் கட்டளையில் -0.4 வைத்துப் பார்த்தேன், கைக்குப் பொருந்தியது. மறுதொடக்கத்திலும் அது நிலைக்க வேண்டுமென்றால், யுஎஸ்ஆர் லோக்கலுக்குள் இருக்கும் எக்ஸார்க் அமைப்பு அடைவில் ஒரு சிறிய கோப்பாக எழுதி வைக்க வேண்டும்.