கோஷியென் நாட்குறிப்பு: அகிதா, ஆகஸ்ட் 2018

ஆகஸ்ட் 8, புதன்

மேல்நிலைப் பள்ளிகளுக்கான கோஷியென் பேஸ்பால் போட்டியில் யோஷிதா இன்று வீசியது 157 பந்துகள். என் பையனின் வலக்கை எலும்பைப் பார்த்துவரும் மருத்துவர் கொடுத்த தாளில் மேல்நிலைப் பள்ளி மாணவனுக்கு ஒரு நாளைக்கு 100 என்றுதான் அச்சிட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 9, வியாழன்

நேற்றைய ஆட்டத்தைப் பற்றித்தான் அலுவலகம் முழுவதும் பேச்சு. கனாஆஷி வேளாண் பள்ளி ககோஷிமா அணியை 5-1 என்று வென்றது. யோஷிதா கோசெய் தனி ஒருவனாக ஒன்பது இன்னிங்ஸும் வீசி 14 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தான், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்க விடாமலே வெளியேற்றினான். இந்த மாநில அரசின் பள்ளி அது. ஆடுகிற பிள்ளைகள் எல்லோரும் இந்த மாநிலத்துப் பிள்ளைகள். யோஷிதாவின் ஊரும் பக்கத்திலிருக்கும் கதகாமிதான்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று, "ஓட்டாவுக்குப் பிறகு வடக்கிலிருந்து இப்படி ஒருவன் வந்ததில்லை" என்றார். அவர் சொன்னது 1969இல் அவோமோரியின் மிசாவா பள்ளிக்காக வீசிய ஓட்டா கோஜியை. அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் மட்சுயாமா வணிகப் பள்ளிக்கு எதிராக 18 இன்னிங்ஸ் வரை இரு அணிகளும் ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. ஓட்டா 262 பந்துகள் வீசினார். மறுநாளே மீண்டும் ஆடச் சொன்னார்கள். மறுநாளும் ஓட்டாவே வீசி 4-2 என்று தோற்றார். பெரியவர் இதையெல்லாம் சொல்லும்போது குரலில் பெருமை மட்டுமே இருந்தது. நான் மனத்துக்குள் 262ஐயும் மறுநாளையும் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 11, சனி

பையன் இன்று வாசலில் இடக்கையால் பந்து எறிந்து பழகினான். வலக்கைக்கு மட்டும்தானே தடை என்கிறான்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஒசாகாவிலிருந்து அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். உடன்பிறந்தவர் இல்லை என்றாலும் ஜப்பான் வந்த நாள்முதல் எனக்கு அவர்தான் அண்ணன். யோஷிதாவைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள், "தம்பி, 1998ஐக் கண்ணால் பார்த்தவனிடம் இதையெல்லாம் சொல்லாதே" என்று தொடங்கிவிட்டார். மாணவராக இருந்த காலத்தில், ஆகஸ்ட் 20 அன்று கோஷியென் மைதானத்தின் வெளித்திடல் இருக்கையில் உட்கார்ந்து, யோகோஹாமா பள்ளியின் மட்சுசாகா தைசுகே பிஎல் ககுவென் அணிக்கு எதிராக 17 இன்னிங்ஸ், 250 பந்துகள் வீசியதைப் பார்த்தவர் அவர். அடுத்த நாள் அரையிறுதியில் அணி 6-0 என்று பின்தங்கியிருந்து மீண்டெழுந்தபோது, மட்சுசாகா கையில் ஒட்டியிருந்த பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு ஒன்பதாவது இன்னிங்ஸை வீச வந்தார். அதற்கும் மறுநாள் இறுதி ஆட்டத்தில் ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு ஒருவன் பேஸை அடைவது) கொடுக்காமல் 3-0. இறுதி ஆட்டத்தில் அப்படி வீசியவர் அவருக்கு முன் ஒரே ஒருவர்தான், அதுவும் 59 ஆண்டுகளுக்கு முன்பு.

"மூன்று நாளில் இதைச் செய்தவனோடு யாரை ஒப்பிடுவாய்?" என்று கேட்டார். ஒப்பிட முடியாதுதான், ஒப்புக்கொண்டேன். ஆனால் தோளில் 2015இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இந்த ஆண்டுதான் தொழில்முறைச் சுனிச்சி அணிக்காக அவர் மெல்ல மீண்டு வந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அண்ணன் உறுதியாக மறுத்தார். இடையே பதினேழு ஆண்டுகள் இருப்பதால் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

கனாஆஷிக்கு 6-3 என்று இரண்டாவது வெற்றி. 13 ஸ்டிரைக் அவுட். 154 பந்துகள்.

யோஷிதாவின் நேர்பந்தைப் பற்றி மட்டும் இன்று எழுத வேண்டும், ஏனென்றால் வேறு எதைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை என்று தோன்றுகிறது. உயரம் 176 சென்டிமீட்டர், இந்த வேலைக்குப் பெரிய உடம்பு அன்று. மார்பு உயரத்துக்கு வரும் பந்து விழுந்துவிடும் என்று எண்ணி மட்டையாளன் மட்டையைச் சுழற்றுகிறான். பந்து விழ வேண்டிய அளவு விழாததால் மட்டை அதற்குக் கீழே போய்விடுகிறது. மெதுவாக ஓட்டிக் காட்டியபோது பையன் தொலைக்காட்சிக்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்து, யோஷிதாவின் இரண்டு விரல்களும் பந்தைக் கடைசியாக விடும் இடத்தைத் தன் விரலால் திரையில் தொட்டுக் காட்டினான். இன்னொன்றையும் அவன்தான் கண்டுபிடித்தான்: ஆள் யாரும் பேஸில் இல்லாதபோது யோஷிதா பாதி வலுவில் வீசுகிறான், ஆபத்து வந்ததும் பந்தின் வேகம் சட்டென்று ஏறுகிறது. ஒரே ஒரு பந்துவீச்சாளனை நம்பியிருக்கும் அணியில் அவன் தானாகக் கற்றுக்கொண்ட சிக்கனம் இது. மட்சுசாகாவிடமும் இது இருந்தது என்று அண்ணன் சொல்வார், சொல்லட்டும்.

ஆகஸ்ட் 15, புதன்

இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள் என்பதால் நண்பகலில் கோஷியெனில் சைரன் ஒலித்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். மட்சுசாகாவுக்கு முன் இறுதி ஆட்டத்தில் ஹிட்டே கொடுக்காமல் வென்ற அந்த ஒருவர் ஷிமா செய்இச்சி. வகாயாமாவின் கைசோ பள்ளிக்காக 1939இல் ஐந்து ஆட்டங்களிலும் எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. அரையிறுதியிலும் இறுதியிலும் ஒரு ஹிட்கூட இல்லை. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அவருக்கு மேலே யாரையும் வைக்க முடியாது. 1945 மார்ச்சில் இந்தோசீனக் கடலில் கப்பலோடு மூழ்கி இறந்தார். நம்முடைய வாதங்களில் அவர் பெயர் எப்போதும் கடைசியாகத்தான் வருகிறது. பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, வியாழன்

தூக்கம் வரவில்லை. நாளை யோகோஹாமா, மட்சுசாகாவின் பள்ளி. அண்ணன் இதைச் சொல்லிக்காட்ட இரண்டு முறை அழைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

எட்டாவது இன்னிங்ஸில் 4-2 என்று தோற்றுக்கொண்டிருந்தோம். (தோற்றுக்கொண்டிருந்தார்கள் என்று எழுத வேண்டுமோ? இந்த ஊரில் வரி கட்டுகிறேன், "தோம்" என்றே இருக்கட்டும்.) மேல்நிலைப் பள்ளிக் காலத்தில் அதுவரை ஒரு ஹோம் ரன்கூட அடிக்காத தகாஹாஷி, மூன்று ஓட்டங்களுக்கான ஹோம் ரன்னை நடுத்திடலின் பின்திரைக்கு அனுப்பினான். தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல் எழுந்தது. அதன் பிறகு ஒன்பதாவது இன்னிங்ஸை வீச வந்த யோஷிதா, 150ஐத் தாண்டிய பந்து எண்ணிக்கையில், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டான். மொத்தம் 164 பந்துகள், 14 ஸ்டிரைக் அவுட்.

அண்ணன் அழைத்து, "சரி, இவன் ஆள்தான்" என்றார். அவ்வளவே சொன்னார், எனக்கு அது போதும்.

ஆட்டம் நாளையும் இருக்கிறது.

ஆகஸ்ட் 18, சனி

காலையில் யோஷிதாவின் இடது இடுப்பு மூட்டில் வலி இருந்ததாம். 140 பந்துகள் வீசினான்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, ஒமி அணி 2-1 என்று முன்னிலை, மூன்று பேஸ்களிலும் ஆள், ஒருவரும் அவுட் இல்லை. கனாஆஷியின் சைட்டோ பன்ட் செய்து, அதாவது மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டி, மூன்றாவது பேஸ் பக்கம் உருட்டினான். மூன்றாவது பேஸில் இருந்தவன் வந்து சமன் செய்தான். பந்து முதல் பேஸுக்குப் போன அந்த நொடியில் இரண்டாவது பேஸில் இருந்தவனும் நிற்காமல் ஓடிவந்து தலைமுன்னாகப் பாய்ந்து ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டான். ஒமியின் கேட்சர் மண்ணில் குப்புற விழுந்து எழவே இல்லை. வெற்றிக்குப் பின் கனாஆஷிப் பிள்ளைகள் உடம்பை வில்லாக வளைத்து, வானத்தைப் பார்த்துப் பள்ளிப் பாடலைப் பாடினார்கள். பையனும் வீட்டுக்குள் அதேபோல் வளைந்து பாடினான்.

இன்று காலை அந்தப் பள்ளியின் தொழுவத்தில் ஒன்பது பன்றிக்குட்டிகள் பிறந்ததும் செய்தியில் வந்தது.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

ஓய்வு நாள். நல்லது.

பெரியவரிடம் இன்று ஓனோ ரின்னைப் பற்றிக் கேட்டேன். முதலில் பேசத் தயங்கினார். 1991இல் ஒகினாவா சுய்சான் பள்ளிக்காக ஆறு ஆட்டங்களில் 773 பந்துகள் வீசியவர் அவர். முழங்கை எலும்பு முறிந்த நிலையிலேயே இறுதி ஆட்டம்வரை வீசினார். அதன் பிறகு அவர் பந்துவீசும் மேட்டில் ஏறவே இல்லை. வெளித்திடல் ஆட்டக்காரராகத்தான் தொழில்முறைக்குப் போனார். மாபெரும் பந்துவீச்சாளர்கள் பட்டியலை யார் போட்டாலும் ஓட்டா இருக்கிறார், மட்சுசாகா இருக்கிறார், 2006இல் 948 பந்துகள் வீசி வென்ற சைட்டோ யூகி இருக்கிறார். ஓனோவை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. அவர் பட்ட பாடு மற்றவர்களுடையதைவிடக் குறைவா? தாங்கிக்கொள்வதைத்தான் நாம் மகத்துவம் என்று அளக்கிறோம் என்றால், அவரைத்தான் முதலில் எழுத வேண்டும். கை தப்பித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசைப்படுத்துகிறோம்.

பெரியவர் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "உங்கள் பையனுக்கு வியாழக்கிழமைதானே?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 20, திங்கள்

அரையிறுதிக்கு முன் முதல் பந்தை வீச அழைக்கப்பட்டவர் குவாதா மசுமி! 1984இன் அரையிறுதியில் இதே கனாஆஷி எட்டாவது இன்னிங்ஸ் வரை பிஎல் ககுவெனை 2-1 என்று அடக்கி வைத்திருந்தது. குவாதா அடித்த இரண்டு ஓட்ட ஹோம் ரன்தான் அதை 3-2 என்று முடித்தது. பெரியவர் அதை இன்னும் மன்னிக்கவில்லை. இன்று குவாதா பந்து வீசி முடிக்கும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2-1 என்று வென்றார்கள். 134 பந்துகள், 7 ஸ்டிரைக் அவுட். ஸ்டிரைக் அவுட் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்துக் கவலைப்பட்டேன், ஆனால் ஆட்டமாக இதுவே அவனுடைய சிறந்த ஆட்டம் என்பது என் எண்ணம். வேகம் போய்விட்டது; ஓரங்களில் வைத்து, தாழ்வாக வீசி, ஒன்பது ஹிட்டுகளுக்கு ஓர் ஓட்டம் மட்டுமே கொடுத்தான். முதல் ஆட்டங்களில் வீசிய பையனும் இவனும் வேறு வேறு பந்துவீச்சாளர்கள். 17 வயதில் இந்த இருவராகவும் இருக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இறுதி ஆட்டத்தில் ஓர் அகிதா அணி ஆடுவது 1915இல் நடந்த முதல் போட்டிக்குப் பிறகு இப்போதுதான், 103 ஆண்டுகள். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

14ஆம் தேதியிலிருந்து இன்றுவரை 592 பந்துகள். தாளில் ஒரு வாரத்துக்கு 500 என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

முதல் பந்தை வீச ஓட்டா கோஜி வந்தார், 1969இல் அவரை எதிர்த்து வீசிய இனோவேயோடு. பெரியவர் அழுதுவிட்டார்.

முதல் இன்னிங்ஸில் ஒசாகா தோய்னுக்கு மூன்று ஓட்டங்கள். நான்காவதில் மூன்று. ஐந்தாவதில் ஆறு. ஆறாவது இன்னிங்ஸிலிருந்து யோஷிதா வலது வெளித்திடலில் நின்றான். அகிதா மாநிலப் போட்டி தொடங்கி இன்றுவரை வேறு யாரும் ஏறாத மேட்டில் இன்னொரு பையன் ஏறினான். 13-2. ஒசாகா தோய்ன் ஒரே ஆண்டில் வசந்தகாலக் கோப்பையையும் கோடைக்காலக் கோப்பையையும் இரண்டாவது முறையாக வென்ற முதல் பள்ளியானது.

1991இல் ஓனோவை வீழ்த்தியதும் இதே பள்ளிதான், அன்றும் 13 ஓட்டங்கள்.

ஆகஸ்ட் 22, புதன்

அண்ணனோடு இன்று நெடுநேரம் வாதம். இறுதி ஆட்டத்தில் 12 ஓட்டங்கள் கொடுத்தவனை மட்சுசாகாவின் பக்கத்தில் எழுத முடியாது என்கிறார். நான் கேட்டது வேறு. மட்சுசாகா அரையிறுதியில் ஒரே ஓர் இன்னிங்ஸ்தான் வீசினார், ஏனென்றால் அவர் அணியில் மற்றவர்களும் வீசுவதற்கு இருந்தார்கள். நேற்று வென்ற தோய்னிடமும் ககிகி, நெயோ, யோகோகாவா என்று மூவர் இருந்தார்கள். யோஷிதாவுக்கு 17ஆம் தேதி முதல் 21ஆம் தேதிவரையிலான ஐந்து நாட்களில் 570 பந்துகள்.

ஸ்டிரைக் அவுட் கணக்கையும் எடுத்தார். 1958இல் பாண்டோ எய்ஜி 83, சைட்டோ 78, 2012இல் மட்சுயி யூகி 68, யோஷிதா 62. அதையே இன்னிங்ஸால் வகுத்துப் பாருங்கள் என்றேன்: சைட்டோ 69 இன்னிங்ஸில் எடுத்ததை யோஷிதா 50இல் நெருங்கியிருக்கிறான். அந்தக் கணக்கில் மட்சுயியின் 36 இன்னிங்ஸ் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது, ஆனால் அவர் அணி காலிறுதியோடு வெளியேறியதால் அவரை யாரும் முதலிடத்தில் வைப்பதில்லை. பந்துவீச்சாளர் எகாவாவும் அப்படித்தான். 1973 வசந்தகாலப் போட்டியில் 60 பேரை ஸ்டிரைக் அவுட்டில் அனுப்பியவர், அந்தக் கோடையில் மழையில் 12ஆவது இன்னிங்ஸில் மூன்று பேஸ்களிலும் ஆள் இருக்க, நான்கு பந்துகள் இலக்குத் தவறியதால் ஓர் ஓட்டம் கொடுத்துத் தோற்றார். வெறும் பந்தை மட்டும் பார்த்தால் எகாவாதான் எல்லோருக்கும் மேலே என்று பெரியவரே ஒப்புக்கொள்கிறார்.

என் தீர்ப்பு இது: பந்தில் எகாவா, முடித்துக் காட்டியதில் மட்சுசாகா. யோஷிதா ஓட்டாவின் பக்கத்தில் நிற்க வேண்டியவன். ஓர் அரசுப் பள்ளியை, ஊர்ப் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, வடக்கிலிருந்து இறுதி ஆட்டம்வரை கொண்டுவந்தவன். ஆனால் ஓட்டாவின் பக்கத்தில் என்று எழுதும்போது 262 என்ற எண்ணுக்காக நான் அதை எழுதவில்லை. அரையிறுதியின் தாழ்வான அந்தப் பந்துகளுக்காக எழுதுகிறேன். அண்ணன் இதை ஏற்கவில்லை.

ஆகஸ்ட் 23, வியாழன்

எலும்பு கூடி வருகிறதாம். அக்டோபர்வரை எறியக் கூடாது. அதன் பிறகும் ஒரு நாளைக்கு 50, வாரத்துக்கு 200. பையன் மருத்துவரிடம், "யோஷிதா 881 வீசினாரே" என்றான். மருத்துவர் சிரிக்கவில்லை. மாநிலப் போட்டியின் 636ஐயும் சேர்த்தால் 1517 என்று அவரே திருத்திச் சொன்னார். அவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 25, சனி

செப்டம்பர் 3 முதல் மியாசாகியில் 18 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டி. ஜப்பான் அணிப் பட்டியலில் யோஷிதா இருக்கிறான். 21ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 13 நாள். போதுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.